பைடெஸ்ட்டின் கேப்சர்: நாம் போட்ட பிரின்ட் எல்லாம் எங்கே போகிறது?

பைத்தானில் டெஸ்ட் எழுத ஆரம்பிக்கும் யாரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிரின்ட் போட்டேனே, திரையில் ஏன் எதுவும் வரவில்லை?" பைத்தான் டெஸ்ட்களை ஓட்டும் கருவியான பைடெஸ்ட் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் பதில். டெஸ்ட் பாஸ் ஆனால் ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான். ஃபெயில் ஆனால் அதுவரை சேர்த்து வைத்ததை எல்லாம் அந்த டெஸ்ட்டின் பெயருக்குக் கீழே எடுத்துப் போடும். கேப்சர் என்ற இந்த ஒரு வசதியைப் பற்றி மட்டும் எழுதப் போகிறேன். ஃபிக்ஸ்சர் (டெஸ்ட்டுக்குத் தேவையானதைத் தயார் செய்து கொடுக்கும் ஃபங்ஷன்) பற்றியும் பாராமெட்ரைஸ் (ஒரே டெஸ்ட்டைப் பல உள்ளீடுகளோடு ஓட்டுவது) பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கேப்சரை எல்லாரும் தினமும் பயன்படுத்துகிறோம், ஆனால் அது சிக்கல் கொடுக்கும் வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல மொழிகளில் டெஸ்ட் எழுதியிருக்கிறேன், அவுட்புட்டைப் பிடிக்கும் விஷயத்தில் இதைவிட நன்றாக யோசித்துச் செய்த ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு இடத்தில் அது கையை விரித்துவிடும், அது நமக்கு அவுட்புட் மிக அவசரமாகத் தேவைப்படும் இடம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நல்லது. பைத்தானோடு வரும் டெஸ்ட் நூலகமான யூனிட்டெஸ்ட்டிலும் பஃபர் என்று ஒரு விருப்பம் இருக்கிறது, 2.7, 3.2 பதிப்புகளில் வந்தது. அதுவும் பாஸ் ஆன டெஸ்ட்டின் அவுட்புட்டை மறைக்கும், ஃபெயில் ஆனதைக் காட்டும். ஆனால் அதை நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் விட்டால் எல்லா டெஸ்ட்டின் பேச்சும் ஒன்றோடொன்று கலந்து திரையில் ஓடும், எந்த வரி எந்த டெஸ்ட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது சந்தைக் கூட்டத்தில் ஒரு குரலைத் தேடுவது போலத்தான். பைடெஸ்ட்டில் இது இயல்பிலேயே இயங்குகிறது. ஒரு திட்டத்தில் ஆயிரத்துக்கு மேல் டெஸ்ட் ஓடும்போது, ஃபெயில் ஆன 2 டெஸ்ட்டின் அவுட்புட் மட்டும் கண் முன்னால் நிற்பது எவ்வளவு நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அதோடு அது அவுட்புட்டை மூன்று கட்டமாகப் பிரித்தும் வைக்கிறது: டெஸ்ட் தொடங்கும் முன் ஃபிக்ஸ்சர் பேசியது, டெஸ்ட் பேசியது, முடிந்த பிறகு துப்புரவு வேலையில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு. அதற்குள் ஸ்டான்டர்ட் அவுட்புட் தனி, ஸ்டான்டர்ட் எர்ரர் தனி, லாக் (புரோகிராம் எழுதி வைக்கும் பதிவுகள்) தனி. ஒருமுறை ஒரு டெஸ்ட் ஏன் விழுகிறது என்று நானும் உடன் வேலை செய்பவரும் அரை நாள் டெஸ்ட்டின் கோடையே, அதாவது நிரலையே, பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் மேலே 'செட்டப்' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி இருப்பதைக் கவனித்தோம். டேட்டாபேஸ் ஃபிக்ஸ்சர் எந்த கான்ஃபிக் ஃபைலைத் திறந்தது என்று அது எழுதியிருந்தது. ஃபைல் பெயர் தப்பு. பிழை டெஸ்ட்டில் இல்லவே இல்லை, அதற்கு முன்னால் இருந்தது. அந்த வரி மொத்தக் குவியலில் கலந்திருந்தால் இன்னொரு அரை நாளும் போயிருக்கும்.

சரி, இது எப்படிப் பிடிக்கிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது, கேப்சர் பற்றி வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதைத் தெரிந்துகொண்டாலே தீர்ந்துவிடும்.

ஒரு புரோகிராம் ஓடத் தொடங்கும்போது இயங்குதளம் அதற்கு 3 வாசல் திறந்து கொடுக்கிறது: உள்ளே வர 0, வெளியே போக 1, பிழைச் செய்தி போக 2. இவைதான் ஃபைல் டிஸ்கிரிப்டர்கள். பைத்தானின் பிரின்ட் நேராக 1-க்குப் போவதில்லை. சிஸ் மாட்யூலில் இருக்கும் ஸ்டிடிஅவுட் என்ற ஆப்ஜெக்ட்டிடம் கொடுக்கிறது, அந்த ஆப்ஜெக்ட் 1-க்குத் தள்ளுகிறது. ஆக, பிடிப்பதற்கு இரண்டு இடம் இருக்கிறது. பைத்தான் ஆப்ஜெக்ட்டை மாற்றி வைக்கலாம், அல்லது இயங்குதளத்தின் வாசலையே ஒரு தற்காலிக ஃபைலின் பக்கம் திருப்பிவிடலாம். பைடெஸ்ட் இயல்பாக இரண்டாவதைச் செய்கிறது. அதனால் பைத்தான் பிரின்ட், சி-யில் எழுதிய நூலகத்தின் பிரின்ட்எஃப், நாம் கூப்பிட்ட வேறொரு புரோகிராமின் அவுட்புட் என்று எல்லாமே மாட்டும். டெஸ்ட்டை ஓட்டும் கட்டளையில் கேப்சர் விருப்பத்தை சிஸ் என்று மாற்றி வைத்தால் பைத்தான் வழியாக வருவது மட்டும் மாட்டும். அந்தக் கட்டளையில் மைனஸ் எஸ் போட்டால் எதையும் பிடிக்காது.

இதே இரண்டு மட்டம்தான் டெஸ்ட்டுக்குள் நாம் கேட்டு வாங்கும் ஃபிக்ஸ்சர்களிலும் இருக்கிறது. கேப்சிஸ் பைத்தான் மட்டத்தில் பிடிக்கும், கேப்எஃப்டி வாசல் மட்டத்தில் பிடிக்கும். ஒரே டெஸ்ட்டில் இரண்டையும் கேட்டால் முடியாது என்று பைடெஸ்ட் தெளிவாகச் சொல்லிவிடும். பைட்டுகளாக எழுதும் புரோகிராமுக்கு இரண்டுக்கும் பைனரி வடிவம் தனியாக உண்டு.

கேப்சிஸ் காலியாக வருகிறது என்று குழம்புபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கமாண்ட் லைன் கருவி ஒன்றை சப்பிராசஸ் மூலம், அதாவது தனிப் புரோகிராமாக, ஓட்டிவிட்டு கேப்சிஸில் அதன் அவுட்புட்டைத் தேடுவார்கள். அந்தப் புரோகிராமுக்கு நம் பைத்தான் ஆப்ஜெக்ட் தெரியவே தெரியாது. அதற்குக் கிடைத்தது 1, 2 என்ற வாசல்கள் மட்டும். கேப்எஃப்டி என்று ஒரு வார்த்தையை மாற்றினால் வந்துவிடும். சப்பிராசஸ் என்றால் அதன் அவுட்புட்டை அதனிடமிருந்தே நேராக வாங்கிக்கொள்வதுதான் இன்னும் சுத்தம், அது வேறு விஷயம்.

சி நூலகம் உள்ளே இருந்தால் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, இதை நான் பட்டுத்தான் கற்றேன். சி-யின் பிரின்ட்எஃப், அவுட்புட் டெர்மினலுக்குப் போகிறது என்று தெரிந்தால் வரிக்கு வரி வெளியே விடும். ஃபைலுக்குப் போகிறது என்றால் தன் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) நிரம்பும்வரை சேர்த்து வைத்துக்கொள்ளும். பைடெஸ்ட் வாசலை ஃபைல் பக்கம் திருப்பியிருப்பதால் இரண்டாவது வழிதான் நடக்கும். என்ன ஆகும்? உங்கள் டெஸ்ட் சி ஃபங்ஷனைக் கூப்பிடும், அது எச்சரிக்கையை எழுதும், கேப்எஃப்டி காலி என்று சொல்லும், டெஸ்ட் விழும். ஆனால் பல டெஸ்ட் கழித்து, சம்பந்தமே இல்லாத வேறொரு டெஸ்ட்டின் கணக்கில் அந்த எச்சரிக்கை வந்து நிற்கும், அல்லது எல்லாம் முடிந்து புரோகிராம் மூடும்போது திரையில் தனியாக விழும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது, தேதிகளைப் பார்க்கும் ஒரு டெஸ்ட்டின் கீழே படத்தைச் சுருக்கும் நூலகத்தின் எச்சரிக்கை இருந்தது. சி பக்கத்தில் பஃபரை வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ் கூப்பிட்ட பிறகுதான் ஒழுங்கானது. பைடெஸ்ட்டைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை, பைத்தான் பக்கத்திலிருந்து சி-யின் பஃபருக்குள் அதனால் கை விட முடியாது.

அடுத்தது ரீட்அவுட்எர். பிடித்ததைப் படிக்க இதைத்தான் கூப்பிட வேண்டும், அவுட், எர் என்று இரண்டு பகுதியாகக் கொடுக்கும். கொடுத்த கையோடு உள்ளே இருப்பதைக் காலி செய்துவிடும். இந்தக் கடைசிப் பாதியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். முதல் வரியில் ரீட்அவுட்எர் கூப்பிட்டு அவுட்டில் 'சேமிக்கப்பட்டது' இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அடுத்த வரியில் மறுபடி கூப்பிட்டு எர்ரில் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவது எப்போதும் காலி, முதல் அழைப்பே இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதைவிட ஆபத்தானது தலைகீழ் வடிவம்: இரண்டாவது வரியில் 'எர்ரில் ஒன்றும் இல்லை' என்று சரிபார்த்தால் அந்த டெஸ்ட் எப்போதும் பாஸ் ஆகும், உண்மையில் எர்ரில் பத்து வரி வந்திருந்தாலும். கோடு ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது இதைத்தான். ஒரே தடவை கூப்பிட்டு ஒரு மாறியில் வாங்கிவிடுங்கள், அப்புறம் எத்தனை முறை வேண்டுமானாலும் பாருங்கள்.

காலி செய்வதில் எனக்கு ஒரு சின்ன வருத்தமும் உண்டு. நாம் படித்துவிட்ட பகுதி ஃபெயில் அறிக்கையில் வராது, அது நம்மிடம் வந்துவிட்டது என்று பைடெஸ்ட் நினைக்கிறது. நம் சரிபார்ப்பு விழுந்தால் ஒப்பிட்ட சரத்தின் வித்தியாசம் தெரியும், முழு அவுட்புட்டும் வரிசையாக வேண்டும் என்றால் நாமே எழுதிக் காட்ட வேண்டும். 2025-இல் வந்த 8.4 பதிப்பில் கேப்டீசிஸ் என்று ஒன்று சேர்த்தார்கள், அது பிடிக்கவும் செய்யும், அறிக்கைக்குப் போகவும் விடும். இது முன்பே வந்திருக்க வேண்டியது.

கேப்சிஸ் நம் கோடில் இருக்கும் பிழையைக் காட்டிக்கொடுத்த சம்பவம் ஒன்றும் சொல்ல வேண்டும். அறிக்கை அச்சிடும் ஒரு ஃபங்ஷன், எங்கே எழுதுவது என்பதை ஒரு அளவுருவாக வாங்குகிறது, ஒன்றும் கொடுக்காவிட்டால் ஸ்டிடிஅவுட் என்று எழுதியிருந்தார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பைத்தானில் அந்த இயல்பு மதிப்பு ஃபங்ஷனை வரையறுக்கும் நேரத்திலேயே ஒருமுறை முடிவாகிவிடும். அதாவது மாட்யூல் இம்போர்ட் ஆனபோது ஸ்டிடிஅவுட்டாக எந்த ஆப்ஜெக்ட் இருந்ததோ அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு கேப்சிஸ் வந்து புது ஆப்ஜெக்ட்டை வைத்தாலும் ஃபங்ஷன் பழையதிலேயே எழுதும், கேப்சிஸ் காலி என்று சொல்லும். டெஸ்ட்டுக்கு வெளியிலும் இது தொந்தரவுதான், யாராவது ரீடைரக்ட் செய்ய நினைத்தால் அங்கேயும் வேலை செய்யாது. இயல்பு மதிப்பை நன், அதாவது பைத்தானில் 'எதுவும் இல்லை' என்ற மதிப்பு, என்று வைத்து, உள்ளே போய் ஸ்டிடிஅவுட்டை எடுத்தால் இரண்டும் தீர்ந்தது.

அகலம் பற்றி. கமாண்ட் லைன் விருப்பங்களைப் படிக்கும் பைத்தான் நூலகமான ஆர்க்பார்ஸ் கொடுக்கும் உதவி உரையை அப்படியே ஒப்பிடும் டெஸ்ட் ஒன்று எங்களிடம் இருந்தது. சாதாரணமாக ஓட்டினால் பாஸ், மைனஸ் எஸ் போட்டு ஓட்டினால் ஃபெயில். பேய் வேலை மாதிரி இருந்தது. ஆர்க்பார்ஸ் டெர்மினலின் அகலத்தைக் கேட்டுத்தான் வரியை மடக்குகிறது. வாசல் ஃபைல் பக்கம் திரும்பியிருக்கும்போது அகலம் கிடைக்காததால் 80 என்று வைத்துக்கொள்கிறது, மைனஸ் எஸ் போட்டால் உண்மையான டெர்மினல் தெரியும், என்னுடையது அகலமாக இருந்ததால் வரிகள் வேறு இடத்தில் மடங்கின. காலம்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை டெஸ்ட்டில் 80 என்று வைத்ததும் அடங்கியது. நிறமும் இப்படித்தான், பல நூலகங்கள் எதிரே டெர்மினல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நிறம் போடுகின்றன. பைத்தான் 3.14-இல் ஆர்க்பார்ஸின் உதவி உரையே நிறத்தோடு வருகிறது. அவுட்புட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுபவர்கள் அகலத்தையும் நிறத்தையும் தாங்களே நிலையாக வைத்துவிடுவது நல்லது.

லாக் பக்கம் வருவோம். முன்பு இதற்கெனத் தனி ப்ளகின் போட வேண்டியிருந்தது, 2017-இல் 3.3 பதிப்போடு பைடெஸ்ட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. லாக்கைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சரான கேப்லாக் கொடுப்பது வெறும் எழுத்து இல்லை, ஒவ்வொரு லாக் பதிவையும் அதன் மட்டம், லாகரின் பெயர், செய்தி என்று ஆப்ஜெக்ட்டாகவே கொடுக்கும். சரத்தைத் தேடுவதைவிட இது எவ்வளவோ உறுதி, வாக்கியத்தில் ஒரு சொல் மாறினாலும் மட்டமும் பெயரும் மாறாது. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பைத்தானில் எல்லா லாகருக்கும் மேலே இருக்கும் ரூட் லாகரின் இயல்பு மட்டம் வார்னிங், அதனால் இன்ஃபோ பதிவுகள் வர வேண்டுமானால் டெஸ்ட்டில் கேப்லாக்கின் மட்டத்தை இறக்க வேண்டும். அடுத்தது, கேப்லாக் ரூட் லாகரில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் லாகரில் ப்ராபகேட்டை ஃபால்ஸ் என்று யாராவது வைத்திருந்தால் பதிவுகள் மேலே ஏறி வராது, கேப்லாக்குக்கு ஒன்றும் தெரியாது. கான்ஃபிகில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் அந்த ஒரு வரிக்காக ஒரு மாலை நேரம் முழுக்கச் செலவழித்திருக்கிறேன்.

லாக்கோடு வரும் இன்னொரு தொல்லை: டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகி முடிந்த பிறகு, மூடிய ஃபைலில் எழுதப் பார்க்கிறாய் என்ற பொருளில் நீளமான பிழைச் செய்தி வரும். டெஸ்ட்டுக்குள் நம் கோடு ஒரு லாக் ஹேண்ட்லரை உருவாக்கியிருக்கும், அது அப்போதைய ஸ்டான்டர்ட் எர்ரரை, அதாவது கேப்சர் வைத்த தற்காலிக ஆப்ஜெக்ட்டை, பிடித்துக்கொண்டிருக்கும். டெஸ்ட் முடிந்ததும் அது மூடப்படும், புரோகிராம் முடியும் நேரத்தில் யாராவது லாக் எழுதினால் வெடிக்கும். உருவாக்கிய ஹேண்ட்லரை டெஸ்ட் முடிவில் நீக்கிவிட்டால் போதும். ஆனால் புதிதாக வருபவருக்கு அந்தச் செய்தியைப் பார்த்து இது எதுவும் புரியாது, இந்த இடத்தில் பைடெஸ்ட் இன்னும் கொஞ்சம் கை கொடுக்கலாம்.

மற்ற மொழிகளோடு ஒரு வார்த்தை. ரஸ்ட்டின் கார்கோ டெஸ்ட்டும் பாஸ் ஆனதை மறைத்து ஃபெயில் ஆனதைக் காட்டும், அருமை. ஆனால் பிரின்ட் மேக்ரோ வழியாக வருவதைத்தான் அது பிடிக்கிறது, ஸ்டிடிஅவுட்டை நேராக எடுத்து எழுதினால் நழுவிவிடும். கோ-வில் டெஸ்ட்டின் லாக் முறையில் எழுதியது டெஸ்ட்டோடு சேர்ந்து வரும், சாதாரணமாக அச்சிட்டது எந்த டெஸ்ட்டுடையது என்று பிரிந்து வராது. ஆனால் கோ-வின் எக்ஸாம்பிள் ஃபங்ஷன்களை நான் மனசார மெச்சுவேன், கீழே குறிப்பாக எழுதி வைத்த அவுட்புட்டை உண்மையான அவுட்புட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும், ஆவணமும் டெஸ்ட்டும் ஒன்றாகிவிடும். சி++ உலகத்தின் கூகுள் டெஸ்ட்டில் பிடிக்கும் ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் அதை இன்டர்னல் என்ற பெயர்வெளிக்குள் வைத்திருக்கிறார்கள்.

டீபக் செய்யும்போது பைடெஸ்ட் காட்டும் கவனம் தனியாகச் சொல்லத் தக்கது. கோடில் பிரேக்பாயின்ட் வைத்தால் அந்த இடத்தில் கேப்சரை அதுவே நிறுத்தி வைத்துவிட்டு டெர்மினலை நம்மிடம் கொடுக்கும், தொடரச் சொன்னால் மறுபடி பிடிக்க ஆரம்பிக்கும். கோடு எதிர்பாராமல் இன்புட் கேட்டால் காத்துக்கொண்டே நிற்காமல் உடனே பிழை கொடுத்து, மைனஸ் எஸ் போட்டுப் பார் என்று வழியும் சொல்லும். பாஸ் ஆன டெஸ்ட்டின் அவுட்புட்டும் வேண்டுமென்றால் மைனஸ் ஆர் பெரிய பி போதும்.

இப்போது அந்த மோசமான இடம். டெஸ்ட் விழுந்தால் அவுட்புட் வரும். டெஸ்ட் விழாமல் தொங்கிக்கொண்டே நின்றால்? ஒரு சாக்கெட்டுக்காகக் காத்துக் காத்து, சிஐ (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சர்வர்) தன் நேர வரம்பு முடிந்ததும் மொத்த வேலையையும் கொன்றுவிட்டால், பிடித்து வைத்த அத்தனையும் கிணற்றில் போட்ட கல்தான். தற்காலிக ஃபைலில் இருந்தது, அதை எடுத்துக் காட்ட வேண்டிய பைடெஸ்ட்டே இல்லை. எங்கள் சிஐ-யில் வாரத்துக்கு ஒரு முறை இப்படி நடந்தது, லாக்கின் கடைசியில் புள்ளிகளும் அதன் பிறகு வெறுமையும். எந்த டெஸ்ட் என்றுகூடத் தெரியவில்லை. சி நூலகம் தப்பான நினைவகத்தைத் தொட்டு செக்மென்டேஷன் ஃபால்ட்டில் செத்தாலும் இதே கதை. 5.0-லிருந்து, புரோகிராம் சாகும்போது நின்ற இடத்தை எழுதும் ஃபால்ட்ஹேண்ட்லர் உள்ளேயே இருப்பதால் பைத்தான் எந்த வரியில் இருந்தது என்றாவது தெரியும், ஆனால் நம் பிரின்ட் வராது.

மைனஸ் எஸ் போட்டால் தீருமே என்பார்கள். தீரும், ஆனால் மறுபடி எல்லாம் கலந்துவிடும், எக்ஸ்டிஸ்ட் என்ற ப்ளகினை வைத்து இணையாக ஓட்டினால் மைனஸ் எஸ் வேலையும் செய்யாது. 2020-இல் 5.4 பதிப்பில் வந்த டீசிஸ் என்ற கேப்சர் முறை நடுவழி: பிடிக்கவும் செய்யும், அதே நேரத்தில் திரைக்கும் விடும். இருந்தாலும் அது பைத்தான் மட்டம் மட்டும்.

நாங்கள் கடைசியில் செய்தது மூன்று. டைம்அவுட் ப்ளகின் போட்டு ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் 60 வினாடி என்று வைத்தோம், தொங்கும் டெஸ்ட் இப்போது ஃபெயில் ஆகிறது, ஃபெயில் ஆவதால் பிடித்து வைத்தது எல்லாம் வெளியே வருகிறது. ஃபால்ட்ஹேண்ட்லருக்கும் ஒரு நேரம் கொடுத்தோம், அதைத் தாண்டினால் எல்லா த்ரெட்டும் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) எங்கே நிற்கின்றன என்று எழுதும். அப்புறம் லாக் ஃபைல் என்ற அமைப்பில் ஒரு பெயர் கொடுத்து, அந்த ஃபைலை சிஐ முடிவில் எடுத்து வைக்கச் சொன்னோம். லாக் பதிவுகள் ஓட ஓட அதில் விழுகின்றன, வேலையைப் பாதியில் கொன்றாலும் அதுவரை எழுதியது அழியாது. இதைச் செய்த அடுத்த வாரமே தொங்கும் டெஸ்ட் மாட்டியது. மூடாமல் விட்ட ஒரு சர்வர் த்ரெட் முடிவதற்காக, துப்புரவுக் கட்டமான டியர்டவுனில் டெஸ்ட் காத்துக்கொண்டிருந்தது.